கேள்விக்குறி போட மறக்காதீர்கள்!

செல்போனில் பெயரைத் தட்டுகிறீர்கள். அடுத்த நொடி உங்கள் கணக்கு கண்முன் வந்து நிற்கிறது. ரெயில் டிக்கெட், பரீட்சை மார்க்கு, மின்சாரக் கட்டணம் எல்லாம் இப்படித்தான்.

இது எப்படி நடக்கிறது?

எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் ஒரு நிரல் காத்திருக்கிறது. நீங்கள் தட்டியதை அது வாங்கிக்கொள்கிறது. டேட்டாபேஸ் என்ற தகவல் கிடங்கில் தேடுகிறது. கிடைத்ததைப் பக்கமாக ஆக்கி அனுப்புகிறது.

நம் பெயர், விலாசம், பாங்கிக் கணக்கு எண் எல்லாம் அந்தக் கிடங்கில் இருக்கின்றன. நிரலை எழுதுகிறவர்தான் அதற்குக் காவல்காரர். அவர் அசந்தால் நம் கதி என்ன?

கிழட்டு மொழியா?

இந்த வேலைக்குப் பல கணினி மொழிகள் உண்டு. அவற்றில் ஒன்று பெர்ல். லாரி வால் என்ற அமெரிக்கர் 1987-ம் ஆண்டு இதை வெளியிட்டார். "அது கிழடாகிவிட்டது. விட்டுத் தள்ளுங்கள்" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிறர் எழுதிவைத்த துணை நிரல்களின் களஞ்சியம் ஒன்று பெர்லுக்கு 1995-ம் ஆண்டு முதல் இருக்கிறது. அதன் பெயர் சிபான். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். காசு கிடையாது!

அங்கே கிடைப்பதுதான் 'கேட்டலிஸ்ட்'. 2005-ல் வந்தது. இது ஒரு சட்டகம். வீடு கட்டுகிறவர் கதவையும் நிலையையும் தாமே இழைத்துக்கொண்டு உட்காருவதில்லை அல்லவா? ஆயத்தமாக வாங்கிப் பொருத்துகிறார். அதுபோலத்தான் இதுவும். ஒரு கட்டளை கொடுத்தால் போதும். கோப்புகளை வைக்க அறை அறையாகப் பிரித்துத் தரும். ஓட்டிப் பார்க்க ஒரு சின்ன சர்வரும் தரும்.

காகிதமும் பென்சிலும்

ஆனால் பலர் என்ன செய்கிறார்கள்? முதலில் பக்கத்துக்கு வர்ணம் பூசுகிறார்கள். பட்டன் வைக்கிறார்கள். கிடங்கைப் பற்றிக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். எல்லாம் தலைகீழ்!

முதலில் காகிதத்தில் அட்டவணை போடுங்கள். கேட்டலிஸ்ட் பாடத்தில் புத்தகப் பட்டியல்தான் உதாரணம். புத்தகத்துக்கு ஓர் அட்டவணை. ஆசிரியருக்கு ஓர் அட்டவணை. போதுமா? போதாது. ஒரு புத்தகத்தை இரண்டு பேர் சேர்ந்து எழுதியிருக்கலாம். ஒருவரே பத்துப் புத்தகம் எழுதியிருக்கலாம். ஆகவே, இன்ன புத்தகத்துக்கு இன்ன ஆசிரியர் என்று சொல்ல மூன்றாவது அட்டவணை வேண்டும். அதை விட்டு "முதல் ஆசிரியர், இரண்டாம் ஆசிரியர்" என்று கட்டம் போட்டவர், மூன்றாம் ஆசிரியர் வந்த அன்று திருதிரு என்று விழிப்பார்.

பழகுவதற்கு எஸ்க்யூலைட் என்ற சின்னக் கிடங்கு போதும். எல்லாம் ஒரே கோப்பில் அடங்கிவிடும்.

திருட்டு வாசல்

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

ஒரு கிடங்கு. ஒரு குமாஸ்தா. முதலாளி சீட்டு அச்சடித்து வைத்திருக்கிறார். "இன்னாருடைய பெட்டியைக் கொடு" என்பது சீட்டு. இன்னார் என்ற இடத்தில் வருகிறவரே பெயரை எழுதலாம். ஒருவன் வந்தான். "கந்தன் அல்லது வேறு யாராவது" என்று எழுதினான். குமாஸ்தா சீட்டைப் படித்தார். எல்லாப் பெட்டிகளையும் தூக்கிக் கொடுத்துவிட்டார்! குமாஸ்தா மேல் என்ன குற்றம்? சீட்டு அப்படி இருந்தது.

கம்ப்யூட்டரும் அந்தக் குமாஸ்தாதான். வந்த பெயரை அப்படியே கட்டளையோடு ஒட்டினால், பெயருக்குள் ஒளிந்திருக்கும் கட்டளையையும் அது நிறைவேற்றிவிடும்.

இது கட்டுக்கதை அல்ல. பிரிட்டனில் டாக்டாக் என்ற டெலிபோன் கம்பெனியில் 2015 அக்டோபரில் இந்த வழியாகத்தான் புகுந்தார்கள். 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரம் பறிபோயிற்று. அவர்களில் 15,656 பேருடைய பாங்கிக் கணக்கு எண்ணும் போயிற்று. மறு ஆண்டு கம்பெனிக்கு 4 லட்சம் பவுன் அபராதம் போட்டார்கள். அபராதம் கட்டியது கம்பெனி. தூக்கம் இழந்தது யார்? கணக்கு வைத்திருந்த குடும்பங்கள்!

எந்த மொழியில் எழுதினாலும் இந்த வாசல் திறந்துகொள்ளும். அடைப்பது எப்படி? பெர்லில் கிடங்கோடு பேச டிபிஐ என்ற துணை நிரல் உண்டு. கட்டளையில் பெயர் வரும் இடத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். பெயரைத் தனியே கொடுங்கள். அவ்வளவுதான். கட்டளை வேறு, பெயர் வேறு என்று ஆகிவிடும். "கந்தன் அல்லது வேறு யாராவது" என்றே பெயர் வைத்த ஆள் உண்டா என்று கிடங்கு தேடும். இல்லை என்று சொல்லும். திருடன் வெறுங்கையோடு போவான்.

கேட்டலிஸ்டோடு சேர்த்துப் பயன்படும் டிபிஐஎக்ஸ் கிளாஸ் இதைத் தானே செய்துவிடும். அப்படியும் சிலர் அவசரத்தில் அதை ஒதுக்கிவிட்டு, கட்டளையைக் கையால் ஒட்டுகிறார்கள். கேட்டால் "சின்ன வேலைதானே" என்கிறார்கள். சின்ன வேலைக்குள் இருப்பதும் நம் விலாசம்தானே, ஐயா?

ஒரு ஜாக்கிரதை. அட்டவணையின் பெயருக்கும் கட்டத்தின் பெயருக்கும் கேள்விக்குறி உதவாது. பெயர்வாரியா, தேதிவாரியா என்று வரிசையை வாசகரே தேர்ந்தெடுக்க விட்டால், இன்ன இன்ன கட்டம்தான் என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாததைக் கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

கிடங்கின் பாஸ்வேர்டையும் நிரலுக்குள் எழுதாதீர்கள். நிரலைப் பத்துப் பேர் நகல் எடுப்பார்கள். பாஸ்வேர்டும் கூடவே போகும். அதற்குத் தனிக் கோப்பு வையுங்கள். அந்தக் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள்.