ஜப்பாண்டி வரட்டும், சுவரில உள்ள படம் இருக்கட்டும்

கொஞ்ச நாளா எங்கட வயசுப் பிள்ளைகளிட வாயில ஒரு சொல் அடிபடுது: ஜப்பாண்டி. பேரைக் கேட்டதும் ஆண்டிகள் கூடி மடம் கட்டின கதைதான் ஞாபகம் வரும். ஆனா இது ஹோல் அலங்கரிக்கிற விசயம். யப்பான் வீட்டையும் ஸ்கண்டிநேவிய வீட்டையும் கலந்து எடுத்த ஒரு பாணி. உயரம் குறைஞ்ச செற்றி, வெளிர் நிற மரம், மண் நிறச் சுவர், ஒரு சாடியில ஒரே ஒரு கொப்பு, மிச்சமெல்லாம் வெறும் இடம். இன்ஸ்டகிராமில அந்தப் படத்தைப் பார்த்துச் சேமிச்சு வச்சு, வீடு கட்டுற நேரம் மேசனுக்கும் ஓடாவிக்கும் காட்டுறாங்க. எங்கட வகுப்பிலயும் இதைப் பற்றிப் பேச்சு நடந்தது. பேசிப் பேசி நாங்க வந்து சேர்ந்த இடத்தைத்தான் இங்க எழுதுறம்.

முதலாவது, யப்பானும் ஸ்கண்டிநேவியாவும் சேர்ந்து வாறது மட்டக்களப்புக்குப் புதிசே இல்ல. 2002 யுத்தநிறுத்தத்துக்கு நடுவராக நின்றது நோர்வே. கண்காணிப்புக் குழுவில வந்தவர்கள் நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்துக்காரர். 2003 ஜூனில உதவி வழங்கும் நாடுகளின் மாநாடு நடந்தது டோக்கியோவில. சமாதானம் நிலைக்கல்ல. மறுகா, கல்லடியில 2013இலும் மண்முனையில 2014இலும் திறந்த புதுப் பாலங்கள் யப்பானின் உதவியில வந்தவை. அதில ஏறித்தான் நாங்க வாவியைக் கடக்கிறம். ஆக, வெளியில இருந்து வாற எல்லாத்தையும் வேண்டாம் என்று சொல்ற ஆக்கள் நாங்க இல்ல. வாறது எங்கட காலநிலைக்கும் கைக்காசுக்கும் கதைக்கும் பொருந்துதா என்றுதான் கேக்கிறம்.

காலநிலையில இருந்து தொடங்குவம். ஸ்கண்டிநேவிய வீடு ஏன் வெள்ளையா இருக்கு? அங்க மாரிகாலத்தில பகல் சில மணித்தியாலம்தான். கிடைக்கிற துளி வெளிச்சத்தையும் பிடிச்சு வைக்க வெள்ளைச் சுவரும் வெளிர் மரமும் பெரிய கண்ணாடி யன்னலும் வேணும். எங்களுக்கு வெளிச்சத்துக்கா பஞ்சம்? ஆடி ஆவணியில கச்சான் காத்து அடிக்கிற நாளையில மத்தியானம் வாசல்ல நிண்டு பாருங்க, கண் கூசும். அந்த வெயிலுக்கு முகம் குடுத்துப் பெரிய கண்ணாடி வச்சா ஹோல் அடுப்படியாகிப் போகும். மறுகா அதைக் குளிராக்க ஏசி, ஏசிக்குக் கரண்ட் பில். மாரியில பெய்ற மழைக்கும் வாவிக் கரையின் ஈரத்துக்கும் கறையானுக்கும் பூச்சில்லாத வெளிர் மரம் எத்தனை வருசம் தாங்கும் என்று ஓடாவியாரிட்டயே கேளுங்க. முதிரையிலயும் வேம்பிலயும் தளபாடம் செய்ததுக்கு எங்கட ஆக்களிட்டக் காரணம் இருந்தது.

யப்பான் பாதி வேற கதை. அது எங்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி. தானிசாகி ஜுனிச்சிரோ என்ற எழுத்தாளர் 1933இல நிழலைப் புகழ்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். யப்பான் வீட்டின் அழகே தாழ்ந்த கூரைக்குக் கீழ தேங்கி நிற்கிற நிழல்தான் என்பது அவரது வாதம். வீடு கட்டப் போய், மின்விளக்கும் பளபளக்கிற டைல்ஸும் அந்த நிழலைக் கெடுக்குதே என்று அங்கலாய்க்கிறார். வாசிச்சா எங்கட ஊர்ப் பெரியம்மா ஒராள் புது வீட்டைப் பார்த்துச் சொல்ற மாதிரியே இருக்கும். தாழ்வாரம் இறக்கின கூரை, விறாந்தை, முற்றம், கிடுகு வேலி எல்லாம் எங்களிட்ட இருந்தவைதானே.

இன்னும் பாருங்க. யப்பான்காரரின் தத்தாமி விரிப்பின் மேல்முகம் இகுசா என்கிற ஒருவகைக் கோரையில நெய்தது. எங்கட பன்பாயும் சதுப்பில முளைக்கிற புல்லை வெட்டி, காயவச்சு, சாயம் போட்டு இழைக்கிறதுதான். அவங்க இரவில மெத்தையை விரிச்சு, காலையில மடிச்சு அலுமாரிக்குள்ள வைப்பாங்க. எங்கட வீட்டிலயும் காலையில பாயைச் சுருட்டி மூலையில சாத்தினா படுத்த இடம் படிக்கிற இடமாகும், மத்தியானம் சாப்பிடுற இடமாகும். ஒரு அறைக்கு நாலு வேலை. அதைத்தான் இப்ப புதுப் பேர் வச்சு விக்கிறாங்க.

1920களில யப்பானில யானகி சோயெத்சு என்பவர் 'மிங்கேய்' என்ற சிந்தனையைக் கொண்டுவந்தார். பேர் தெரியாத சாதாரண மனிசர் அன்றாடப் பாவனைக்குச் செய்யிற சட்டி, துணி, கூடைதான் உண்மையான அழகு என்றார். 1936இல அதுக்கெண்டே டோக்கியோவில ஒரு நூதனசாலையும் திறந்தார். அந்த அளவுகோலை இங்க வச்சுப் பார்த்தா மருதமுனை நெசவுக்காரரும், பன்பாய் இழைக்கிற உம்மாமாரும், பனையோலைப் பெட்டி பின்னுற அம்மாமாரும்தான் எங்கட மிங்கேய் கலைஞர்கள். அவங்கட பாயைச் சந்தையில விலை குறைச்சுக் கேட்டுப்போட்டு, கொழும்புக் கடையில வெளிநாட்டுக் கோரை விரிப்பை நாலு மடங்கு விலைக்கு வாங்கினா, அதுக்கு ஜப்பாண்டி என்று பேர் வைக்க யானகியே ஒத்துக்கொள்ள மாட்டார்.

சரி, இதுவரைக்கும் ரசனை. இனித்தான் எங்களுக்கு வயித்தைப் பிசையிற இடம்.

இந்தப் பாணியின் முதல் கட்டளை 'கழிச்சு விடு' என்பது. சோகேஸ் வேண்டாம், சுவரில படங்கள் வேண்டாம், தேவையில்லாத பொருள் ஒண்டும் வேண்டாம். பொருள் நிறைஞ்சு வழியிற நாட்டில வெறும் இடம் ஒரு ஆடம்பரம். எங்கட ஊரில வெறும் இடத்துக்கு வேற அர்த்தம் இருக்கு. 1978 நவம்பர் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. 1990இல சனம் உடுத்த துணியோட ஓடினது. 2004 சுனாமியில நாவலடியில வீடுகள் அத்திவாரத்தோட போனது. மூண்டு தரம் வெறுமையாக்கப்பட்ட வீட்டில ஒரு அம்மா சோகேஸுக்குள்ள பீங்கான் கோப்பையையும் பிள்ளை வாங்கின கேடயத்தையும் அடுக்கி வச்சா, அதைக் குப்பை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

சுவரில மாட்டின படங்கள் இன்னும் பெரிய விசயம். 1990 செப்டெம்பர் 5 அன்று, அகதி முகாமாக இருந்த வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில இருந்து 158 பேர் இராணுவத்தால் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வரல்ல. நாங்க ஒவ்வொரு நாளும் விரிவுரைக்குப் போற வளாகம் அது. அவங்கட வீடுகளிலயும், அவங்களைப் போல எத்தனையோ பேரின் வீடுகளிலயும் ஹோலில ஒரு படம் தொங்குது. சில வீட்டில மாலை போட்டிருக்கும். சில வீட்டில போடல்ல, ஏனெண்டா அம்மா இன்னும் காத்துக்கொண்டிருக்கிறா. போராட்டத்துக்குப் போற நேரம் அவ சுவரில இருந்து எடுத்து நெஞ்சோட பிடிக்கிறது அந்தப் படத்தைத்தான். அது சாட்சி. சுவரின் நிறத்துக்குப் பொருந்தல்ல என்று அதை அறைக்குள்ள கொண்டுபோய் வைக்கிற அழகு எங்களுக்கு வேண்டாம்.

காசுக் கதையும் இருக்கு. மட்டக்களப்பில வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. தமிழ் வீடோ முஸ்லிம் வீடோ, கலியாணம் முடிச்ச மாப்பிள்ளை பொம்பிளை வீட்டுக்குத்தான் வாறார். அதால அந்த ஹோல் மாப்பிள்ளை வீட்டார் வந்து குந்துற, அளக்கிற இடம். அதைக் கட்டத்தான் வாப்பா கட்டாருக்குப் போறார், அம்மா குவைத்தில இன்னொரு வீட்டு ஹோலைக் கூட்டித் துடைக்கிறா, நுண்கடன்காரன் கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வாறான். நேற்று டைல்ஸும் பெரிய செற்றியும் கேட்ட கண்கள் இன்றைக்கு 'சிம்பிளா, கிளாஸா' கேட்டா கடன் குறையப் போறதில்ல. பொருள் குறையும், பில் கூடும். எளிமையும் சீதனப் பட்டியல்ல ஏறினா அது எளிமையா?

அதால நாங்க சொல்றது இதுதான். ஜப்பாண்டி பிடிச்சிருந்தா தாராளமாச் செய்யுங்க. கடன்பட்டு செற்றி வாங்குறதுக்குப் பதிலாப் பன்பாயும் திண்டும் போதும் என்று பொம்பிளைப் பிள்ளைகளே முதல்ல சொல்லுங்க, வீடு உங்கட பேரில உள்ளது. மாப்பிள்ளையாகப் போற பொடியன்மாரும் பாயில குந்தப் பழகுங்க. கண்ணாடியைக் குறைச்சுத் தாழ்வாரத்தை இறக்குங்க. பாய்க்குக் கேட்ட விலையைக் குடுங்க. சோகேஸை எடுக்கிறதா இல்லையா என்று அதை அடுக்கினவவிட்டக் கேளுங்க. சுவர் முழுக்க வெறுமையா இருக்க வேணும் எண்டாலும் சரி, அந்த ஒரு படத்துக்கு மட்டும் ஆணி அடிக்க இடம் விடுங்க.