கூந்தல் பேணும் எளிய வழி

 

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவிலுள்ள ஒரு தாய், பத்தொன்பது வயது மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தார். மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. "ராத்தா, இவளுடைய பின்னல் எலிவாலாகிவிட்டது. பெண் பார்க்க வந்தபோது இருந்த முடியில் பாதிகூட இப்போது இல்லை. எந்த எண்ணெய் தேய்க்கலாம், சொல்லுங்கள்" என்றார். அதற்குள் மூன்று வகை எண்ணெய்களை வாங்கித் தேய்த்து முடித்திருந்தார். அந்தப் பெண்ணோ முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, குற்றம் செய்தவள்போல் தலைகுனிந்து அமர்ந்திருந்தாள்.

அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில், நம் எல்லோர் வீட்டிலும் செலவின்றிக் கைக்கொள்ளத்தக்க அன்றாட வழக்கத்தைப் பார்ப்போம்.

எண்ணெயும் குளியலும்

வெளியே தெரியும் முடி உயிரற்றது. உயிர் தோலுக்குள் இருக்கும் வேரில்தான் உள்ளது. ஆகவே எந்த எண்ணெயும் வேருக்கு உணவூட்டி முடியை வளர்ப்பதில்லை. ஆனால் வளர்ந்த முடி முறியாமலும் வறளாமலும் காப்பதில் தேங்காய் எண்ணெய்க்குத் தனிச் சிறப்பு உண்டு. அது முடியினுள் ஊடுருவி, அதன் புரதச் சத்து கழுவுதலில் வீணாவதைக் குறைக்கிறது என்பதை 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. நம் உம்மம்மாக்கள் தேங்காய் எண்ணெயைக் கைவிடாதது வீணன்று.

வாரம் இருமுறை தலைக்குக் குளித்தால் பெரும்பாலோருக்குப் போதும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு தேக்கரண்டி எண்ணெயை, நுனிமுடியில் சற்றுக் கூடுதலாகத் தடவுங்கள். பொடுகு உள்ளவர்கள் எண்ணெயைத் தலையில் ஊறவிட வேண்டா. பொடுகுக்குக் காரணமான நுண்ணுயிர் எண்ணெய்ப் பசையை உண்டே பெருகுகிறது. சீயக்காயோ ஷாம்புவோ, எதுவாயினும் தலையின் தோலில் விரல்நுனியால் தேய்த்தால் போதும். வழிந்து வரும் நுரையே நுனிமுடிக்குப் போதுமானது. நகத்தால் கீற வேண்டா. கொதிக்கும் வெந்நீரும் வேண்டா.

உலர்த்துவதும் சீவுவதும்

ஈர முடி இழுத்தால் நீளும். எளிதில் அறுந்தும் போகும். ஆனால் நம்மில் பலர் ஈரத்தலையைத் துண்டால் அடித்து உலர்த்துகிறோம். அந்தச் சிக்கலோடு சீப்பையும் போட்டு இழுக்கிறோம். பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்துக் காற்றில் உலர விடுவதே நன்று. பாதி உலர்ந்தபின், பல் அகன்ற சீப்பால் முதலில் நுனிச் சிக்கலை எடுத்து, படிப்படியாக மேலே செல்லுங்கள்.

நம் பெண்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அதிகாலையில் தலைக்குக் குளித்து, ஈரத்தோடு கொண்டை போட்டு, அதன்மேல் முக்காடோ புர்காவோ அணிந்து கல்லூரிக்கும் வேலைக்கும் செல்கிறவர்கள் பலர். மாலைவரை காற்றுப்படாத ஈரத்தால் துர்நாற்றமும் அரிப்பும் வருகின்றன. பழி முக்காட்டின்மீது விழுகிறது. முக்காடு முடியைக் கெடுப்பதில்லை. ஈரத்தை மூடி வைப்பதே கெடுதல். வெளியே செல்லாத நாளிலோ, முந்தின நாள் அஸருக்குப் பிறகோ தலைக்குக் குளித்தால் இத்தொல்லை தீரும். உள்தொப்பியும் தலைத்துணியும் பருத்தியாக இருக்கட்டும். வியர்வை பட்டதை அன்றன்றே துவைத்து விடுங்கள்.

நெற்றித் தோல் இழுபடும்படி இறுக்கிப் பின்னுவது அழகன்று. நாள்தோறும் இழுபட்டால் நெற்றியோர முடி உதிரத் தொடங்கும். நெடுங்காலம் நீடித்தால் அவ்விடத்தில் மீண்டும் முளைக்காமலே போகலாம். தளரப் பின்னுங்கள், வகிட்டை அவ்வப்போது மாற்றி எடுங்கள். பிள்ளைகளுக்குப் பேன் தொல்லை உள்ள வீட்டில் ஆளுக்கொரு சீப்பு இருக்கட்டும். பேனைக் கொல்ல மண்ணெண்ணெய் தடவும் பழக்கத்தை அறவே விடுங்கள். அது நஞ்சு, நெருப்புப் பற்றும்.

மருதாணியைப் பற்றியும் ஒரு சொல். தூய மருதாணி செம்மையைத்தான் தரும். 'கருப்பு மருதாணி' எனப்படுபவை பலவற்றில் முடிச்சாயத்தில் சேர்க்கும் இரசாயனம் கலந்திருக்கிறது. அது சிலருக்கு அரிப்பு, கொப்புளம், முக வீக்கம் வரை கொண்டு விடும். முடிச்சாயம் பூச விரும்புவோர், காதுக்குப் பின்னால் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்த பின்பே பூச வேண்டும்.

உதிர்ந்தால் அஞ்சலாமா?

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயற்கையே. வாரம் இருமுறை குளிப்பவருக்கு, இடைநாட்களில் கழன்ற முடியும் சேர்ந்து அன்று கைநிறைய வரும். அதைக் கண்டு கலங்க வேண்டா.

கடுங்காய்ச்சலுக்குப் பின்னும் மகப்பேற்றுக்குப் பின்னும் இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி உதிர்வதுண்டு. வேர் பிழைத்திருப்பதால் பெரும்பாலும் ஓராண்டுக்குள் அது மீண்டும் வளர்ந்து விடும். பிள்ளை பெற்ற மருமகளைப் பார்த்து, "எப்படி இருந்த முடி!" என்று பெருமூச்சு விடும் மாமியார்கள் இதை அறிந்து வைத்திருத்தல் நலம்.

ஆனால் நாணயம் போல வட்டமாகச் சொட்டை விழுந்தாலும், வகிடு அகன்றுகொண்டே போனாலும், பிள்ளைகளின் தலையில் செதிலும் சீழும் கண்டாலும், உதிர்வோடு களைப்பும் சேர்ந்தாலும் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது.

இனி அந்தப் பெண்ணிடம் வருவோம். எண்ணெயைப் பற்றிப் பேசாமல் அவளிடம் வேறு சில கேள்விகள் கேட்டேன். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். மாதவிலக்கு எட்டு நாள் வரை நீடிக்கிறது, உம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது என்றாள். மறுநாள் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 12 கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அவளுக்கு 8 கிராமே இருந்தது. எண்ணெய்ப் புட்டிகள் அதற்கு என்ன செய்யும்?

இது அவள் ஒருத்தியின் குறையன்று. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தச்சோகை இருந்தது. நம் வீடுகளில் ஆண்கள் உண்டு எழுந்தபின் பெண்கள் அமர்கிறோம். இறைச்சித் துண்டுகள் அதற்குள் தீர்ந்துவிடும். ஆணமும் சோறும் மிஞ்சும். மகளும் நம்மைப் பார்த்து அவ்வாறே பழகி விடுகிறாள். அவள் தட்டிலும் மீனோ இறைச்சியோ விழட்டும். முருங்கைக்கீரை, பயறு வகைகளைச் சமைத்தால் எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கொடுங்கள். இரும்புச் சத்து உடலில் சேர அது துணை செய்யும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அச்சத்து சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள்.

மருத்துவர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். நீடித்த உதிரப் போக்குக்கும் தனியே மருந்து கொடுத்தார். முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டி மீட்டர்தான் வளரும். ஆதலால் பொறுமை வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். நிக்காஹ் குறித்த நாளில் நல்லபடியாக நடந்தது. ஆறு மாதம் கழித்து அவளைக் கண்டபோது வகிட்டின் இருபுறமும் குட்டை முடிகள் முளைத்திருந்தன. அதைவிட, முகத்தில் தெளிவு வந்திருந்தது. அவளுடைய தாய் இப்போது இளைய மகள் உண்ண அமரும்போது, தட்டில் மீன் இருக்கிறதா என்று பார்க்கிறார்.

சகோதரிகளே! உங்கள் மகளின் சீப்பில் முடி கூடுதலாகச் சிக்கினால், அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அருகில் அமர்த்தி, "உடம்புக்கு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். எண்ணெய் அதற்குப் பிறகு வாங்கலாம்.