பிம்பிசாரனின் பாதங்கள்

திகார் சிறையில் நடந்த விபஸனாப் பயிற்சி பற்றி 1997-இல் இரண்டு இஸ்ரேலியப் பெண்கள் எடுத்த 52 நிமிஷப் படத்தைச் சமீபத்தில் நண்பர்களோடு பார்த்தேன். முடிந்ததும் அறையில் ஒரே நெகிழ்ச்சி. 'சிறை ஆசிரமமாகிவிட்டது' என்றார் கவிஞர் ஒருவர். ஆசிரமத்தின் கதவை உள்ளிருந்தும் திறக்கலாம் என்றேன். காப்பி வந்துவிட்டதால் பேச்சு நின்றுபோயிற்று. இங்கே தொடர்கிறேன்.

கைதி தியானம் செய்யக்கூடாது என்பதல்ல என் கட்சி. 1994 ஏப்ரலில் கோயங்கா நேரில் வந்து நடத்தியபோது, திகாரில் ஆயிரம் பேருக்கு மேல் ஒரே சமயத்தில் பத்து நாள் வாய் திறவாமல் உட்கார்ந்து மூச்சைக் கவனித்தார்கள். அவர்களுக்கு ஏதோ கிடைத்திருக்கிறது. வெளியே இருக்கும் நான் அதை மறுக்க யார்? என் சண்டை பாராட்டுகிறவர்களோடு. கைதிகள் சாதுவாகிவிட்டார்கள், கலாட்டா குறைந்தது, நிர்வாகம் சுலபமாயிற்று — இதுதான் பாராட்டு. காளைக்குக் காயடித்தவனும் இதையேதான் சொல்வான். அன்று திகாரில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபணமாகாத ஒருவன் கோபத்திலிருந்து விடுபட்டதில் நமக்கு அவ்வளவு சந்தோஷம். அவன் வழக்கு என்னவாயிற்று என்று அன்று அறையில் யாரும் கேட்கவில்லை.

பௌத்த மரபிலேயே வேறொரு சிறை இருக்கிறது. தீக நிகாயத்துக்குப் புத்தகோஷர் எழுதிய உரையில் வருவது. அஜாதசத்ரு தன் தகப்பன் பிம்பிசாரனைப் பட்டினி போட்டுக் கொல்ல அடைத்துவைக்கிறான். ராணி மட்டும் போய்ப் பார்க்கலாம். மடியில், கொண்டையில், செருப்பில் உணவை ஒளித்துக் கொண்டுபோகிறாள், ஒவ்வொன்றாகப் பிடிபடுகிறது. கடைசியில் அவள் வருகையும் நிற்கிறது. அப்போதும் கிழவர் சாகவில்லை. நடந்துகொண்டிருக்கிறார். புத்தரிடம் பெற்ற தெளிவின் ஆனந்தத்தில், கொட்டடிக்குள் மேலும் கீழும். விஷயம் தெரிந்ததும் மகன் நாவிதர்களை அனுப்புகிறான்: பாதங்களைக் கீறி உப்பும் எண்ணெயும் தடவித் தணலில் வாட்டும்படி. அவர்களைக் கண்ட கிழவர், பிள்ளை மனம் மாறிவிட்டான், தாடி மழிக்க ஆள் அனுப்பியிருக்கிறான் என்று நினைக்கிறார்.

அஜாதசத்ரு பாதகன். ஆனால் தியானம் இன்னதென்று அறிந்த பாதகன். உள்ளே இருப்பவனுக்கு அது பலம், ஆகவே தனக்கு விரோதம் என்று கண்டுகொண்டான். நம் அதிகாரிகளோ ஜமுக்காளம் விரித்துக் கொடுக்கிறார்கள். (அலபாமாவின் டோனல்ட்ஸன் சிறையில் 2002-இல் ஆரம்பித்த பயிற்சி சில வருஷம் நிறுத்தப்பட்டது. அங்கே ஆட்சேபித்தவர் சிறையின் கிறிஸ்தவ போதகர். மந்தை குறைந்துவிடுமே என்ற கவலை.) எந்தச் சிறைக்காரனும் அஞ்சாத தியானத்தைப் புத்தர் எங்கே கற்றுக்கொடுத்தார் என்று யாராவது சொல்லட்டும்.

கவிஞர் திகாரைப் பற்றி அடுத்த இதழுக்கு ஒரு கவிதை கொடுத்திருப்பதாகக் கேள்வி. தாமரை வருகிறதாம். பூட்டு எந்தப் பக்கம் தொங்குகிறது என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.