முத்திரை மட்டும் போதுமா?



உங்களுக்கு மட்டும்தான் தேர்வு என்று நினைக்காதீர்கள். உங்கள் பள்ளிப் பேருந்துக்கும் தேர்வு உண்டு! ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறையில், பள்ளி திறப்பதற்கு முன்பு, கோவில்பட்டி வட்டாரப் பள்ளி வாகனங்கள் ஒரு மைதானத்தில் வரிசையாக நிற்கும். போக்குவரத்து அதிகாரிகள் ஏறிச் சோதிப்பார்கள். பிரேக் பிடிக்கிறதா, அவசர வழி திறக்கிறதா, தரைப்பலகை உறுதியாக இருக்கிறதா, தீயணைப்புக் கருவியும் முதலுதவிப் பெட்டியும் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். தேறாத வண்டியைச் சரிசெய்து மறுபடியும் கொண்டுவர வேண்டும்.

"இதற்குச் சட்டம் எதற்கு? வண்டிக்காரரே பார்த்துக்கொள்ள மாட்டாரா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

கரிசல்காட்டுச் சம்சாரி அச்சுக்கு மை போட்டு, கடையாணியைத் தட்டிப் பார்த்த பிறகே வண்டியில் மாட்டைப் பூட்டுவார். வண்டியும் அவருடையது, ஏறுவதும் அவர் குடும்பம். ஆனால் தீப்பெட்டி ஆபீசுக்கு வேனில் போகும் அக்காக்களும், மினி பஸ்ஸில் சந்தைக்குப் போகும் பாட்டியும், பள்ளிக்குப் போகும் நீங்களும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க முடியுமா? பார்த்தாலும் பிரேக் நல்லதா, கெட்டதா என்று தெரியுமா? நமக்குப் பதிலாகப் பார்ப்பதற்குத்தான் சட்டம்.

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பேருந்து, லாரி, ஆட்டோ போன்றவை தகுதிச் சான்று இல்லாமல் ஓடக் கூடாது. இதைத்தான் பெரியவர்கள் 'எஃப்.சி.' என்கிறார்கள். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் இந்தச் சான்று வாங்க வேண்டும். பிரிட்டனில் 1960 முதல் சொந்தக் கார்களுக்கும் கட்டாயச் சோதனை உண்டு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். டெக்சாஸ் மாநிலம் 2025 ஜனவரி முதல் சொந்தக் கார்களுக்கான பாதுகாப்புச் சோதனையை நிறுத்திவிட்டது. வீண் செலவு, வீண் அலைச்சல் என்பது அதை வேண்டாம் என்றவர்களின் வாதம்.

அந்த வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. எஃப்.சி. காட்டப் போனால் ஆட்டோ ஓட்டும் அண்ணனுக்கு அன்றைய வருமானம் போய்விடும். ஆனால் பிரேக் பிடிக்காமல் போனால் இழப்பது ஒரு நாள் கூலியை அல்லவே!

சோதனை இருந்தும் பயனில்லாமல் போவதுண்டு. 2012 ஜூலை 25 அன்று, சென்னை தாம்பரம் அருகே முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து இறந்தாள். அந்தப் பேருந்துக்குச் சற்று முன்புதான் தகுதிச் சான்று தரப்பட்டிருந்தது! சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் அதே ஆண்டில் வந்தன. 2022-இல் சென்னையில் பள்ளி வேன் மோதி ஒரு சிறுவன் இறந்த பிறகு, முன்னும் பின்னும் கேமரா பொருத்துவது கட்டாயமானது.

ஆகவே, கட்டாயச் சோதனை வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் அது உண்மையான சோதனையாக இருக்க வேண்டும். பார்க்காமல் குத்தும் முத்திரை, சோதனையே இல்லாததைவிட மோசம். ஏனென்றால் அதை நம்பித்தானே நாம் ஏறுகிறோம்?

உண்மையாகச் சோதித்தாலும் அது ஒரு நாள் வேலைதான். வண்டியோ ஆண்டு முழுவதும் ஓடுகிறது. வெயிலில் வெடித்தும் மழையில் குழைந்தும் கிடக்கும் கரிசல் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போனால், இன்று இறுக்கிய போல்ட் நாளை தளரலாம். அந்த நாள்களில் பார்க்கும் கண்கள் உங்களுடையவை. தரைப்பலகை ஆடினால், கதவு சரியாகச் சாத்தாவிட்டால், டிரைவர் அண்ணனிடமும் ஆசிரியரிடமும் அன்றே சொல்லுங்கள். வீட்டிலும் சொல்லுங்கள். அப்பாவின் பைக் டயர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இது கோள் சொல்வது ஆகாது. உங்களோடு வரும் அத்தனை பேரையும் காப்பாற்றும் வேலை!

அன்புடன்,
ஆசிரியர்