வீட்டு விளம்பரங்களும் படங்களும்

சென்னைப் பட்டணத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவர் முன்னெல்லாம் தெருத் தெருவாக நடந்து, வாசலில் தொங்கும் 'டு லெட்' பலகையைக் கண்டு உள்ளே நுழைந்து, கிணற்றை எட்டிப் பார்த்து, சமையலறையில் புகை போக வழியுண்டா என்று விசாரித்து, அதன் பிறகே வாடகையைப் பற்றிப் பேச்செடுப்பார். அந்த வழக்கம் அடியோடு மறைந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. ஆயினும் இன்று பெரும்பாலோர் முதலில் பார்ப்பது வீட்டையன்று. இணையத்தில் வெளியாகும் வீட்டின் படத்தையே. ஆகவே அந்தப் படம் எவ்வாறிருக்க வேண்டுமென்ற கேள்வியைக் காமிராக்காரர்களின் தொழில் விஷயமென்று ஒதுக்கிவிடுவது சரியன்று. ஒரு குடும்பத்தின் பல வருஷத்துச் சேமிப்பு அதில் அடங்கியிருக்கிறது.

தென்காசியிலோ தருமபுரியிலோ இருந்து, சென்னையில் உத்தியோகம் கிடைத்துப் புறப்படும் ஒரு குடும்பஸ்தரை நேயர்கள் மனத்தில் எண்ணிப் பார்க்கவேண்டும். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். நேரில் வந்து பத்து வீடுகளைப் பார்த்துத் திரும்ப அவருக்கு ரயில் சார்ஜும் இல்லை, அவகாசமும் இல்லை. செல்பேசியில் நான்கு படங்களைக் கண்டு திருப்தியடைந்து முன்பணத்தை அனுப்பிவிடுகிறார். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இப்பட்டணத்து நெடுநாளைய வழக்கமாதலால், மாதம் 15,000 ரூபாய் வாடகையானால் ஒன்றரை லட்ச ரூபாய் கைவிட்டுப் போகிறது. மனைவி மக்களோடும் மூட்டை முடிச்சுகளோடும் வந்து கதவைத் திறந்தால், படத்தில் பெரிய கூடமாகத் தோன்றியது பத்தடிக்குப் பத்தடி அறையாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கெட்டுகிறது. அவர் யாரிடம் போய் முறையிடுவார்?

இந்த மாயம் எவ்விதம் நடைபெறுகிறதென்பதைத் தெரிந்துகொள்வது நலம். அகன்ற கோணத்தில் படம் பிடிக்கும் லென்ஸ் இப்பொழுது சாதாரணச் செல்பேசியிலேயே இருக்கிறது. அறையின் மூலையில் நின்று அதனால் எடுத்தால், அருகிலுள்ளது பெருத்தும் எதிர்ச்சுவர் வெகு தூரத்திலும் தோன்றும். சிறிய அறை கல்யாண மண்டபமாகிவிடும். படத்தின் ஓரத்தில் கதவு நிலை சாய்ந்தோ வளைந்தோ காணப்பட்டாலும், கட்டில் அளவுக்கு மீறி நீண்டிருந்தாலும் இந்த வித்தையைச் சந்தேகிக்கலாம். இதற்கும் மேலாக, காலி அறையின் படத்தில் இல்லாத சோபாவையும், வராத சூரிய வெளிச்சத்தையும், ஒழுகாத சுவரையும் கம்ப்யூட்டர் மூலம் சில நிமிஷங்களில் வரைந்து சேர்த்துவிடுகிறார்கள். ஈரம் பூத்த சுவருக்கு வெள்ளையடிக்கச் செலவாகும். படத்துக்கு வெள்ளையடிக்கக் காலணாவும் ஆவதில்லை!

நிற்க. பொய்ப் படத்தால் வரும் கேடு ஒருபுறமிருக்க, மோசமான படத்தால் வரும் நஷ்டமும் சிறிதன்று. இருட்டில் எடுத்த மங்கலான படம், ஒரே சுவரின் மூன்று படங்கள், பூட்டிய வெளிக்கதவின் படம் ஒன்று, தொட்டி நிறையக் கழுவாத பாத்திரங்கள் ஒன்று, இவ்வளவுடன் விளம்பரம் முடிகிறது. நல்ல காற்றோட்டமுள்ள வீடாயிருந்தும் அதனாலேயே மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கிறது. 2009ஆம் வருஷத்தில் ஏர்பிஎன்பி என்னும் அமெரிக்கக் கம்பெனி வருமானமின்றித் தவித்தபொழுது, அதை ஸ்தாபித்தவர்கள் நியூயார்க் நகரில் தாங்களே காமிராவுடன் வீடு வீடாகச் சென்று தெளிவான படங்கள் எடுத்துப் போட்டார்கள். வாரம் 200 டாலராக இருந்த வருமானம் வெகு விரைவில் இரட்டித்தது. வீடுகள் அவைதாம், கண்ணுக்கு நன்றாகப் புலப்பட்டமைதான் வித்தியாசம்.

நாம் நல்ல படமென்று சொல்வது பளபளப்பை அன்று. பகல் வெளிச்சத்தில், ஜன்னல்களைத் திறந்து வைத்து, மார்பளவு உயரத்தில் காமிராவை நேராகப் பிடித்து எடுத்தால் போதும். விளக்குமாறும் காலைச் சூரியனும் இருந்தால் ஏழை வீட்டுக்காரருக்கும் இது இயலும். ஆனால் கூடத்தை மட்டும் காட்டிவிட்டுக் குளியலறையையும் கழிப்பிடத்தையும் மறைப்பது நியாயமாகாது. அறைகளின் நீள அகலம் படத்தோடு குறிக்கப்பட வேண்டும். வீடியோவோ இதனினும் சிறந்தது; தெருமுனையில் தொடங்கி, மாடிப்படி ஏறி, புறக்கடை வரையில் இடையில் வெட்டாமல் எடுத்த ஐந்து நிமிஷ வீடியோவில் எதையும் ஒளிப்பது கடினம். பழைய குடித்தனக்காரர் வீட்டைக் காலி செய்யுமுன்பே அவருடைய பூஜை அறையையும் குழந்தைகளையும் கேளாமல் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டும் தரகர்களும் இருக்கிறார்கள். அதுவும் தடுக்கப்பட வேண்டியதே.

எல்லாவற்றிலும் முக்கியமாக நாம் கருதுவது ஒன்றுண்டு. படம் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டதென்று எவரும் தெரிவிப்பதில்லை. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை யாரும் மறந்திரார். மே மாதத்து வெயிலில் எடுத்த படத்தில் அத்தெருக்கள் எவ்வளவு அழகாயிருக்கின்றன! தண்ணீர் நின்ற அடையாளம் சுவரில் எந்த உயரத்தில் இருந்ததென்பதைச் சுண்ணாம்பு மூடிவிடுகிறது; படம் அந்தச் சுண்ணாம்புக்குச் சாட்சி சொல்கிறது. தேதியும், கடந்த மழைக்காலத்தில் தெருவில் நீர் நின்றதா என்ற ஒரு வரியும் படத்தின் கீழ் இருக்குமானால், எத்தனையோ குடும்பங்கள் கட்டிலின் மேல் கட்டிலைப் போட்டு இராக் கழிக்கும் துன்பத்திலிருந்து தப்பும்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். புதிதாகக் கட்டி விற்பவர்களைப் பொறுத்தவரையில் இருக்கிறது. 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12வது பிரிவின்படி, விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ கண்ட பொய்யை நம்பிப் பணம் கொடுத்து நஷ்டமடைந்தவருக்குக் கட்டுகிறவர் ஈடு செய்யவேண்டும். அவர் விலகிக்கொள்ள விரும்பினால் பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பவேண்டும். பழைய வீட்டை வாங்குகிறவருக்கும், வாடகைக்கு வருகிறவருக்கும் அந்தப் பிரிவின் நிழல் எட்டுவதில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல், வீட்டுத் தரகர்கள் விற்பனை விளம்பரப் படத்தைக் கம்ப்யூட்டரால் மாற்றினால் அதை வெளிப்படையாகச் சொல்வதோடு, மாற்றாத அசல் படத்தையும் காட்டவேண்டுமென்று சட்டம் அமுலாகியிருக்கிறது. வெளிச்சத்தைச் சரிசெய்வதையும் ஓரத்தை நறுக்குவதையும் அச்சட்டம் தடுக்கவில்லை. ஆதலால் தொழிலுக்கு இடையூறென்று கூக்குரலிட இடமில்லை.

நம் மாகாணத்தில் வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் சட்டம் 2019 முதல் நடைமுறையிலிருக்கிறது. அதனோடு, விளம்பரம் செய்த படங்களையும் தேதியோடு ஒப்பந்தத்தில் இணைக்கவேண்டுமென்று ஒரு விதி சேர்ப்பதில் சர்க்காருக்கு என்ன கஷ்டமென்று நமக்கு விளங்கவில்லை. சட்டசபை அங்கத்தினர்களைச் சந்திக்கும் நமது ஊழியர்கள் இதை அவர்களிடம் எழுத்து மூலமாகவே கேட்கலாம். அதுவரையில், குடியிருப்போர் சங்கங்கள் தங்கள் கட்டிடத்து வீடுகளின் விளம்பரத்துக்கு இவ்விதியைத் தாமே ஏற்படுத்திக்கொள்வதை எவரும் தடுக்கவில்லை.