காதோடிருக்கும் ராகம்

"காதோடிருக்கும் ராகம் (2)."

சங்கீதம் கேட்டுப் பழகியவர்கள் குறுக்கெழுத்துப் புதிரில் இந்தக் குறிப்பைப் பார்த்ததும் தமக்குப் பிடித்த ராகங்களை ஒவ்வொன்றாகக் கட்டத்தில் வைத்துப் பார்ப்பார்கள். விடையோ முதல் சொல்லின் நடுவிலேயே இருக்கிறது: கா-தோடி-ருக்கும்.

ஆங்கிலக் குறுக்கெழுத்தில் 'மென்மை' என்று வந்தால் 'பி', 'உரக்க' என்று வந்தால் 'எஃப்' எழுத்தைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். பியானோ, ஃபோர்டே என்ற இத்தாலிய இசைச்சொற்களின் சுருக்கம் அவை. தமிழில் இந்த விளையாட்டுக்கு இடம் இன்னும் அதிகம். கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பதால் ச, ரி, க, ம, ப, த, நி ஏழும் அப்படியே கட்டங்களில் உட்கார்ந்துகொள்கின்றன.

"மரணமே ரிஷபத்தோடு வந்தால் ராகம் (3)." சாவே, அதனுடன் ரி: சாவேரி. இது சுலபம். அடுத்ததற்குக் கொஞ்சம் மூளையைக் கசக்க வேண்டும்.

"சுரம் மூன்று ஏறியதும் உயிர்விட்ட மத்திமத்தின் சூளுரை (4)."

காய்ச்சல் முற்றி யாரோ இறந்ததுபோல் படும். இந்தச் சுரம் பாடுகிற சுரம். ச, ப, த என்று ஏறுகிறது. மத்திமம் 'ம'. அதிலுள்ள உயிரெழுத்தான அகரம் போனால் மிச்சம் 'ம்'. ஆக, சபதம். தொல்காப்பியர் வகுத்த உயிரும் மெய்யும் சங்கீதத்தோடு இப்படிக் கைகோக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சியே தனி.

சொல்லப்போனால் நம் வாக்கேயக்காரர்களுக்கு இந்த வித்தை பழகியதுதான். முத்துசுவாமி தீட்சிதர் தம் கிருதிகள் பலவற்றில் ராகத்தின் பெயரைச் சாகித்தியத்துக்குள் பொதிந்துவைத்தார். சில இடங்களில் அது வேறொரு பொருள் தரும் தொடருக்குள் மறைந்திருக்கும். காதோடிருந்த தோடியைத் தேடியவர்களுக்கு அது புதிதாக இராது. ஆனந்தபைரவியில் அவர் அமைத்த 'தியாகராஜ யோக வைபவம்' இன்னும் அற்புதம். பல்லவியின் முன்னெழுத்துகள் படிப்படியாகக் கழன்று, ஒவ்வொரு முறையும் எஞ்சுவது பொருளோடு நிற்கும். பசுவின் வால்போல் மெலிந்துகொண்டே போவதால் இதற்குக் கோபுச்ச யதி என்று பெயர். புதிர்க்காரர்கள் 'தலையிழந்த' என்று குறிப்பில் எழுதிச் செய்வதும் இதே வேலைதான்.

72 மேளகர்த்தா ராகங்களின் பெயர்களும் புதிர்களே. எழுத்துகளுக்கு எண் தரும் கடபயாதி முறையில் 'ம'வுக்கு 5, 'ச'வுக்கு 6. மேசகல்யாணியின் முதல் இரண்டு எழுத்துகளால் வரும் 56ஐத் திருப்பினால் 65. அதுதான் அந்த மேளத்தின் எண். தமிழில் புதிர் கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கையும் குறிப்புகளில் தாராளமாக எடுத்தாளலாம்.