இணைய முகவரி: கண்ணால் பார்த்தால் போதுமா?



‘ஔவை’ என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே ‘ஒ’, ‘ள’, ‘வை’ என்று மூன்று எழுத்தாக எழுதுங்கள்: ஒளவை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் கணினிக்கு இவை வெவ்வேறு சொற்கள். இணைய முகவரியில் வந்தால் வெவ்வேறு வீடுகள். ஒரு வீடு என்று நினைத்து இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டி, சாவியையும் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். ஏமாற்றுக்காரன் காத்திருப்பது இதற்குத்தான்.

ஆங்கில முகவரியிலும் இதே கதைதான். ரஷ்ய மொழிக்குரிய சிரில்லிக் எழுத்துகளில் சில, ஆங்கிலச் சிறிய எழுத்துகளான ‘ஏ’, ‘ஓ’, ‘பி’ ஆகியவற்றை அப்படியே ஒத்திருக்கும். 2017இல் ஓர் ஆய்வாளர், ‘ஆப்பிள்’ நிறுவனத்தின் பெயரைப் போலவே தெரியும் முகவரி ஒன்றை முழுக்க சிரில்லிக் எழுத்துகளால் பதிவு செய்து காட்டினார். குரோம், பயர்பாக்ஸ் உலாவிகள் அதை அசல் பெயர் போலவே காட்டின. குரோம் அதே ஆண்டில் திருத்தப்பட்டது.

உலாவி இதை எப்படிக் கையாளுகிறது? இணையத்தின் முகவரிப் புத்தகத்துக்கு ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு மட்டுமே தெரியும். ஆகவே 2003இல் ஒரு விதி வந்தது. நாம் தமிழில் தட்டும் முகவரியை உலாவி உள்ளுக்குள் மாற்றி, முன்னால் ‘எக்ஸ்’, ‘என்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளையும் இரண்டு சிறு கோடுகளையும் சேர்க்கும். பெயர் ஒரே வகை எழுத்தில் இருந்தால், பொதுவாக அதை அப்படியே நமக்குக் காட்டும். ஆங்கிலமும் சிரில்லிக்கும் கலந்திருந்தால் சந்தேகப்பட்டு, அந்த மாற்று வடிவத்தையே காட்டும்.

வங்கி பெயரில் வந்த முகவரி இப்படித் தொடங்கினால், உடனே மூடிவிடுங்கள். பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். வழியில் யாரும் ஒட்டுக் கேட்கவில்லை என்பதைத்தான் பூட்டு சொல்லும். எதிரில் இருப்பவர் யார் என்று சொல்லாது.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். அந்த வடிவில் தெரிவதெல்லாம் மோசடி அல்ல. நல்ல தமிழ் முகவரியும் சில செயலிகளில் அப்படித்தான் தெரியும். “தமிழில் இருந்தால் ஆபத்து” என்று ஒதுங்கினால் இழப்பு நமக்குத்தான்.

பிறமொழி முகவரிகளை இயங்கச் செய்த முன்னோடிப் பணி 1998இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையில் நடந்தது. 1997இல் நா. கோவிந்தசாமியுடன் சேர்ந்து தமிழ் இணைய மாநாட்டை நடத்தியவரும் அவரே. ‘.சிங்கப்பூர்’ என்ற தமிழ் முகவரி 2011இல் கிடைத்தது. மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் நாட்டு முகவரி உண்டு, தமிழில் இல்லை. கிடைத்த இடத்திலும் பல இணையப் படிவங்கள் தமிழ் முகவரியை ஏற்பதில்லை. பெயர்ப் பலகை கொடுத்துவிட்டுக் கதவைத் திறக்காவிட்டால் அது என்ன உரிமை?

இதைக் கேட்போம். அதே நேரத்தில் நம் வீட்டையும் காப்போம். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தட்டாதீர்கள். வங்கி முகவரியை நீங்களே தட்டெழுதுங்கள், அல்லது வங்கியின் செயலியைத் திறந்து பாருங்கள். பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மலேசியாவில் 997, சிங்கப்பூரில் 1799 என்ற எண்ணை அழையுங்கள். வங்கிக்கும் உடனே சொல்லுங்கள்.

இன்றிரவே வீட்டிலுள்ள பெரியவர்களிடம் ‘ஔவை’யை இரண்டு விதமாக எழுதிக் காட்டுங்கள். அவர்களுக்கு உடனே புரியும்.